தெரிந்துதான் செய்தானா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனை வைத்த பிறகு திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். கடைசியில் வாலுதான் எடுத்தாள். "அம்மா குளிக்கிறாங்க சித்தி" என்றாள். பின்னால் நீ பாத்திரம் தேய்க்கிற சத்தம் நன்றாகவே கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்கு முன்னால் எப்படியும் நாலு வரியாவது படிப்பாய்.

மனநல மருத்துவ மேற்படிப்பு முடிந்துவிட்டது. நீ வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடை மாடியில் முதலாளி என் கிளினிக்குக்காக ஒதுக்கி வைத்திருக்கும் அறைக்கு நான் இப்போது வரப்போவதில்லை. இங்கே அரசு மனநல மருத்துவமனையில் கோர்ட் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்களை அனுப்புவார்கள். விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறாரா, குற்றம் நடந்தபோது மனநிலை எப்படி இருந்தது, இனி ஆபத்து உண்டா என்று பரிசோதித்துக் கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டும். அதில் இரண்டு வருடப் பயிற்சி கிடைத்திருக்கிறது. கூடவே சாயங்காலம் சட்டக் கல்லூரி. போனில் இதுவரை நீ பொறுமையாகத்தான் கேட்டாய். அந்தப் பிரிவுக்கு யார் தலைவர் என்று கேட்டாய். சொன்னேன். வைத்துவிட்டாய்.

ஆமாம் அக்கா, அத்தான் வழக்கில் சாட்சி சொன்ன அதே டாக்டர்தான். அவர் கூண்டில் நின்று சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. நாலாம் மாடியில் இருந்தவர், லிப்ட் பழுது பார்க்க வந்த மெக்கானிக் கம்பி வழியாகத் தன் தலைக்குள் பேசுகிறார் என்று முழுமையாக நம்பினார். ஸ்பானரை எடுத்து அத்தானை அடித்தபோது தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்வதாகவே நினைத்தார். தான் செய்வது தவறு என்று அறியும் நிலையில் அவர் இல்லை. இதைக் கேட்டுத்தான் நீதிபதி ஜெயிலுக்குப் பதில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

இந்த வேலையைக் கற்றுத்தரும் இடம் வேறு இல்லை. இருந்திருந்தாலும் இங்கேதான் கேட்டிருப்பேன். அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. ஏன் என்று கேட்டால் எழுதுகிறேன். கேட்பாயா?

உன்
சின்னவள்


ஜூன் 20

டாக்டர் வக்கீலம்மாவுக்கு,

கிழிக்கவில்லை. முழுதும் படித்தேன். என் தொழிலே அடுத்தவர் எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பார்ப்பதுதானே.

ஏன் என்று கேட்க மாட்டேன். நீ சொல்லப்போகிற காரணம் நியாயமாகத்தான் இருக்கும். சின்ன வயதிலிருந்தே உன் காரணங்கள் எல்லாம் நியாயமானவை. உடைந்து கிடப்பது மட்டும் எப்போதும் அடுத்தவர் சாமானாக இருக்கும்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அந்த அறைக்கு அவர் புதுசாக ஜன்னல் போட்டு வைத்திருந்தார். "பரவாயில்லம்மா, பெரிய இடத்துல கிடைச்சிருக்கு, சந்தோஷம்" என்றார். எந்த இடம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

உன் நுழைவுத் தேர்வுக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கேள்வி கேட்டு உட்கார்ந்திருந்தது யார்? வாயில் நுழையாத வியாதிப் பெயரை எல்லாம் தப்புத் தப்பாகப் படித்து, நீ சிரித்துக் கீழே விழுந்தால் தானும் சிரித்து, மறுபடியும் முதலிலிருந்து கேட்பார். கையில் கிரீஸ் கறையோடு பிடித்த அந்தப் புத்தகத்தை நீதான் எடுத்துப் போனாய். இப்போது அவரைக் கொன்றவனுக்கு 'பாவம், தெரியாமல் செய்துவிட்டான்' என்று சீட்டுக் கொடுத்த மனுஷனிடம் போய், சீட்டு எப்படி எழுதுவது என்று கற்றுக்கொள்ளப் போகிறாய்.

அந்த ஆளை எனக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மூக்குக் கண்ணாடி நழுவிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தடவை மேலே தள்ளினார். கேட்டிருந்தால் காதுப் பக்கம் லேசாக வளைத்துக் கொடுத்திருப்பேன். அப்போது எனக்கு அந்த ஒரு நினைப்புதான் ஓடியது. புருஷன் செத்துப்போன வழக்கில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடி பிரேமைப் பார்த்துக்கொண்டிருந்த நான் என்ன மனநிலையில் இருந்தேன் என்று எந்த டாக்டரும் வந்து கேட்கவில்லை. நான் யாரையும் அடிக்கவில்லையே. அடித்தால்தான் கேட்பீர்கள் போல.

இன்னொன்று. நாலாம் மாடியில் 'இருந்தவர்', 'நினைத்தார்', 'நம்பினார்' என்று எழுதியிருக்கிறாய். அவனுக்கு எப்போதிலிருந்து 'ர்' விகுதி? கோர்ட்டில்கூட அவனை அரசு வக்கீல் அவன் என்றுதான் சொன்னார். உனக்கு மரியாதை கொடுக்க வேறு ஆள் கிடைக்கவில்லையா?

வாலுவுக்கு நீ வராதது இன்னும் தெரியாது. நீயே எழுதிச் சொல். எனக்குத் தெம்பில்லை.

அக்கா


ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

வாலுவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். பதிலும் போட்டாள். 'சித்தி, நீங்க கெட்டவங்கள நல்லவங்கன்னு சொல்ற டாக்டரா?' என்று கேட்டிருக்கிறாள். இது உன் வார்த்தையா அவளுடையதா என்று யோசித்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

'ர்' விகுதி பற்றி. எனக்கு எதிரில் வந்து உட்காருகிற எல்லாரையும் 'வாங்க, உட்காருங்க' என்றுதான் கூப்பிட வேண்டும். அது பழகிப்போய்விட்டது. உன்னிடம் எழுதும்போது பேனாவை நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஆனால் மாற்றி எழுதவும் மாட்டேன். உனக்கு ஒரு விகுதி, அறைக்குள் ஒரு விகுதி என்று வைத்துக்கொண்டால் எனக்குள் ஏதோ கோணலாகிவிடும்.

அறையைப் பற்றிச் சொல்கிறேன். தரையோடு திருகி வைத்த மேஜை. இரண்டு நாற்காலி. கதவுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது, ஓட வேண்டி வந்தால் ஓடுவதற்கு. வெளியே ஒரு காவலர் தினம் குறுக்கெழுத்துப் போட்டி நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது, 'அஞ்செழுத்து, பாவத்துக்கு எதிர்ப்பதம்' என்று வெளியிலிருந்து குரல் கேட்கும். சிரிக்கக் கூடாது. சாயங்காலம் சட்டக் கல்லூரியில் பாதி வயசுப் பிள்ளைகளோடு உட்காருகிறேன். அங்கே என்னை டாக்டரம்மா என்கிறார்கள். இங்கே டாக்டர்கள் என்னை வக்கீலம்மா என்கிறார்கள். நீ இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டாய்.

முதல் நாளே பெரிய டாக்டரிடம் போய் நின்று, நான் இன்னாருடைய மச்சினி என்று சொன்னேன். "தெரியும். உங்க அக்கா பக்கத்துல உட்கார்ந்து நீங்க ஏதோ எழுதிக்கிட்டே இருந்தீங்க" என்றார். "அந்தக் கேஸ்ல நீங்க ஒரு காகிதம்கூடத் தொடக் கூடாது. அவர் இருக்கிற வார்டு பக்கம் போகக் கூடாது. அதுக்கு ஒத்துக்கிட்டா இருங்க." ஒத்துக்கொண்டேன். அவர் ஒரு தடவைகூட வருத்தம் தெரிவிக்கவில்லை. தெரிவித்திருந்தால் நான் அன்றைக்கே கிளம்பியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

நீ கேட்கவில்லை, ஆனாலும் காரணத்தை எழுதுகிறேன். அன்று அரசு வக்கீல் அவரிடம் கத்தினாரே: "சுத்தி வளைக்காதீங்க டாக்டர். பைத்தியமா இல்லையா? ஒரே வார்த்தை." அவர் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, "அந்த ஒரே வார்த்தை என் தொழில்ல இல்லைங்க" என்றார். கோர்ட்டே சிரித்தது. நீ என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் உடைந்தது. எனக்கு அந்த ஆள் மீது உனக்கிருந்த அதே வெறுப்புதான். நான் அவரை நம்பி இங்கே வரவில்லை அக்கா. அவர் சொன்னது சரியா, இல்லை, ஒரு கொலைகாரனிடம் ஏமாந்தாரா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவர் செய்கிற வேலையைச் செய்து பார்க்காமல் அதைத் தெரிந்துகொள்ள முடியாது. கிளினிக்கில் உட்கார்ந்து தூக்கம் வராதவர்களுக்கு மாத்திரை எழுதிக்கொண்டிருந்தாலும் இந்தக் கேள்வி என்னை விட்டிருக்காது. உன்னோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதை உன்னிடம் மறைத்துக்கொண்டும் இருந்திருக்க வேண்டும்.

சின்னவள்


நவம்பர் 2

சின்னவளுக்கு,

நீ நலமா? மழைக்கு உனக்கு மூச்சு இழுக்குமே, பார்த்துக்கொள். வாலு பள்ளியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினாள். மேடையில் ஏறினதும் மறந்துபோய், பிறகு தானாகவே எதையோ சொல்லி முடித்தாளாம். அவள் அப்பா மாதிரியே. தெரியாவிட்டால் தெரிந்த மாதிரி சிரித்துக்கொண்டே சமாளிப்பது.

ஒரு விஷயமாகத்தான் எழுதுகிறேன். கோர்ட்டிலிருந்து ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது. அவனை இன்னும் ஆஸ்பத்திரியில் வைத்திருக்க வேண்டுமா என்று பிப்ரவரியில் விசாரிக்கப் போகிறார்களாம். இறந்தவரின் குடும்பம் என்பதால் எனக்குத் தெரிவிக்கிறார்களாம். படித்துவிட்டு அன்றைக்குக் கடையில் ஒருவருக்கு வலது கண் அளவை இடது கண்ணுக்கு எழுதிவிட்டேன். இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி நடந்ததே இல்லை.

நான் சண்டை போட எழுதவில்லை. நீ அங்கே போனதற்கு ஒரு நல்லது இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ அதே கட்டடத்தில் இருக்கிறாய். அந்த டாக்டரோடு தினமும் பேசுகிறாய். அறிக்கை எழுதப்போகிறவர்கள் எல்லாரும் உன் கூட டீ குடிக்கிறவர்கள்தானே. ஒரு வார்த்தை போதும். 'என் அக்கா பெண் குழந்தையோடு தனியாக இருக்கிறாள், அவன் அம்மா வீடு அதே ஊரில்தான் இருக்கிறது, கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள்' என்று. பொய் சொல்லச் சொல்லவில்லை. இது உண்மைதானே.

போனில் கேட்கலாம் என்றுதான் எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் நான் அழுதுவிடுவேன், பிறகு கேட்க முடியாது. அதனால் வைத்துவிட்டேன்.

உனக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்புகிறேன். அத்தானுடையதுதான், பிரித்துச் சின்னதாகப் பின்னியிருக்கிறேன்.

அக்கா


நவம்பர் 13

அக்காவுக்கு,

ஸ்வெட்டர் வந்தது. போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முடியாது அக்கா.

இதைக் கொஞ்சம் இளக்கி எழுத முடியுமா என்று நிறையக் காகிதம் வீணாக்கினேன். எப்படி எழுதினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. நான் ஒரு வார்த்தை சொன்னால், பெரிய டாக்டர் என்னை வெளியே அனுப்புவார். அதற்காக முடியாது என்று சொல்லவில்லை. நான் சொல்லி அவர்கள் கேட்டுவிட்டால்? அடுத்து ஒருவருடைய மாமனார் வந்து சொல்வார். அதற்கடுத்து எம்.எல்.ஏ.வின் ஆள் வருவார். அப்புறம் எந்த அறிக்கையில் எது உண்மை என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் நீ பேசலாம். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. விசாரணைக்கு வந்து நீதிபதியிடம் நேரடியாகச் சொல்லலாம். அவரை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாதே, அதைக் கேட்கமாட்டார்கள். உனக்கு என்ன நடந்தது, எதற்குப் பயப்படுகிறாய், வீடு எங்கே இருக்கிறது, அதைச் சொல். குறிப்பெடுத்துக்கொண்டு போ, அந்த இடத்தில் எல்லாம் மறந்துபோகும்.

அன்று நான் கோர்ட்டுக்கு வரக் கூடாது. லீவு போட்டு அறையில் இருப்பேன். கோர்ட்டிலிருந்து நடந்து வருகிற தூரம்தான். இடது பக்கம் மருந்துக்கடை, அதற்கு மேல் மாடி. முடிந்ததும் வா. இருவருக்குமாகச் சமைத்து வைக்கிறேன்.

சின்னவள்


பிப்ரவரி 21

சின்னவளுக்கு,

வந்தேன். பேசினேன். திரும்பிவிட்டேன். மருந்துக்கடை வாசல் வரை வந்தேன். மேலே ஜன்னலில் நீ ஈரத் தலையோடு நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்க்கவில்லை. நான் பஸ் ஏறிவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன், உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். நீ சொன்ன மாதிரியே குறிப்பெடுத்துக்கொண்டு போனேன். நீ சொன்ன மாதிரியே எல்லாம் மறந்துபோய், காகிதத்தைப் பார்த்துத்தான் படித்தேன். லிப்ட் வைத்த எந்தக் கட்டடத்துக்குள்ளும் நான் போவதில்லை, படியில்தான் ஏறுகிறேன் என்றேன். என் பெண் யாராவது வேகமாகப் பின்னால் நடந்து வந்தால் சுவரோடு ஒதுங்கி நின்றுவிடுகிறாள் என்றேன். நீதிபதி ஒரு பெண். எழுதிக்கொண்டே கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

உன் பெரிய டாக்டர் வந்தார். இத்தனை நாளாக அவனுக்குத் தலைக்குள் யாரோ பேசுகிறார்கள் என்ற அந்த நம்பிக்கை எதுவும் இல்லை, மாதம் ஒரு ஊசி, தினம் மாத்திரை, ஊசி தவறினால் அன்றைக்கே திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அம்மா பொறுப்பேற்கிறார் என்றார். 'ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியுமா?' என்று அரசு வக்கீல் கேட்டதற்கு, 'உங்களைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியாது' என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பிறகு அவனை, ஏதாவது சொல்லணுமா என்று கேட்டார்கள். உடம்பு ஊதிப்போயிருக்கிறான். கை நடுங்குகிறது. எழுந்து நின்று, என் பக்கம் பார்க்காமல், "அவரு எனக்கு ஒண்ணும் பண்ணல. லிப்டைத்தான் ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருந்தாரு. எனக்கு இப்ப தெரியுது" என்றான். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான்.

நீ படித்தவள், எனக்குச் சொல். இது அவன் பேசினதா, ஊசி பேசினதா? ஊசி என்றால் எதற்காக நான் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும்? அவன்தான் என்றால், இவ்வளவு நல்ல புத்தி உள்ளே இருந்ததே, அது அன்றைக்கு எங்கே போயிருந்தது?

விட்டுவிட்டார்கள். அந்தப் பழைய அடுக்குமாடிக்கும் என் தெருவுக்கும் வரக் கூடாது என்று நிபந்தனை. அவன் அம்மா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டாளாம். ஊருக்கு நடுவில் ஒரு தண்டவாளம். அதுதான் எனக்கும் அவனுக்கும் இடையில் சட்டம் போட்ட வேலி.

நீ சொன்னதை எல்லாம் செய்தேன். நீ சொன்ன வழி சரியான வழி. ஆனால் நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்திருக்கும். சொல்லக் கூடாது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. புரிகிறது என்பதற்காக வலிக்காமல் இருக்குமா?

கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

அக்கா


செப்டம்பர் 6

என் சின்னவளுக்கு,

முதலாளி பேப்பரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "இது நம்ம டாக்டர்தானேம்மா?" என்றார். பெயர் போட்டிருந்தது. மனைவியைக் கொன்ற தையல்காரன், காதில் குரல் கேட்டது என்று நாடகம் ஆடினானாம். மனநோய் இல்லை, தெரிந்துதான் செய்தான் என்று நீ கூண்டில் நின்று சொன்னாயாம். எதிர்த்தரப்பு வக்கீல் எவ்வளவு கேட்டும் அசையவில்லையாம். ஆயுள் தண்டனை.

அந்தத் துண்டை வெட்டிப் பர்ஸில் வைத்திருக்கிறேன். வாலு பள்ளிக்கு எடுத்துப் போய்க் காட்டிவிட்டு வந்தாள். அத்தான் இருந்திருந்தால் லிப்டில் வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருப்பார்.

இப்போதுதான் நீ என் தங்கை. அப்போதே உன்னைப் போல ஒருத்தி அந்தக் கூண்டில் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஏதேதோ எழுதியிருந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதே. மாடி அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் வந்துவிடு.

அக்கா


செப்டம்பர் 19

அக்காவுக்கு,

உன் கடிதத்துக்காக எத்தனை நாள் தபால்காரர் முகத்தைப் பார்த்திருப்பேன். வந்தது. படித்ததிலிருந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

அந்தத் தையல்காரரை நான் நாள் விட்டு நாள் பார்த்தேன். குரல் கேட்கிறது என்றார். கேட்காததற்கெல்லாம் தானாகவே பதில் சொன்னார். நான் வேண்டுமென்றே இல்லாத ஒன்றைக் கேட்டேன்: "குரல் வர்றப்ப இடது கை மரத்துப்போகுமா?" "ஆமா டாக்டர், அப்படியே மரக்கட்டை மாதிரி ஆயிடும்" என்றார். அப்படி ஒரு வியாதி கிடையாது. உண்மையிலேயே குரல் கேட்கிறவர்கள் அதை மறைப்பார்கள், சொன்னால் சிரிப்பார்களோ என்று பயப்படுவார்கள். அவர் என்னிடம் கடை விரித்து வைத்தார். கொன்ற அன்றைக்கே கத்தரிக்கோலைக் கழுவி, எடுத்த இடத்திலேயே மாட்டியிருக்கிறார். அதனால் அப்படிச் சொன்னேன்.

வெளியே வந்தபோது இறந்த பெண்ணின் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்கு நான் கூசிப்போனேன். கொஞ்சம் தள்ளித் தையல்காரரின் தங்கை நின்றாள், என் வயதுதான். "மூணு நாலு தடவை பார்த்துட்டு எங்க அண்ணனைப் பத்திச் சொல்லிட்டீங்க. நான் கூடவே வளர்ந்தவ, என்னை யாராவது கேட்டீங்களா?" என்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பெரிய டாக்டரை நீ அப்படித்தான் பார்த்தாய்.

நீ பர்ஸில் வைத்திருக்கிற துண்டைக் கிழித்துப் போடு. நான் உன் பக்கம் பேசவில்லை. அந்தத் தையல்காரருக்கு உண்மையிலேயே குரல் கேட்டிருந்தால் அதையும் அதே கூண்டில் நின்று சொல்லியிருப்பேன். அப்போது நான் யாருடைய தங்கை?

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் உன்னோடு நிம்மதியாக இருந்துவிடலாம். எதற்காக இங்கே வந்தேன் என்று முன்பு சொன்னேனே. அத்தான் கேஸின் காகிதம் எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த ஒரு வருஷத்தில் பொய்யையும் பார்த்தேன், நிஜமான வியாதியையும் பார்த்தேன். போலீஸ் வந்தபோது நாலாம் மாடிக்காரர் லிப்ட் கம்பியை வெட்டிக்கொண்டு, 'இன்னும் பேசுறான், இன்னும் பேசுறான்' என்று அழுதுகொண்டிருந்தார் என்று கோர்ட்டில் சொன்னார்களே. தப்பிக்க நினைக்கிறவன் அங்கே நின்று கம்பியை வெட்டமாட்டான்.

பெரிய டாக்டர் அன்று சொன்னது சரி அக்கா. நாலாம் மாடிக்காரருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியாது. அத்தான் யார் என்றே அவருக்குத் தெரியாது.

இதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன். தெரிந்துவிட்டது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. உனக்காவது ஒரு ஆள் இருந்தான். அவனையும் உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

சின்னவள்


ஜனவரி 11

சின்னவளுக்கு,

மாடி அறையைப் பல் டாக்டர் ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். நாள் முழுதும் மேலே மெஷின் சத்தம். உன் கடிதம் வந்த அன்றைக்கே முதலாளியிடம் சொன்னேன். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கோபம்தான், வேறொன்றுமில்லை. பேப்பர் துண்டைக் கிழித்துவிட்டேன். வாலு அழுதாள்.

இன்றைக்கு எழுதுகிறேன் என்றால், நேற்று கடையில் நடந்ததைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

பரிசோதனை அறையில் விளக்கைக் குறைத்து வைத்திருப்பேன், தெரியுமில்லையா. ஒரு வயசான அம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சீட்டைப் பார்க்கவில்லை, முகத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. கண்ணாடிச் சட்டத்தை மாட்டிவிட்டு ஒவ்வொரு வில்லையாக மாற்றி, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். பதில் சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார்.

"உங்க குரலை நான் கோர்ட்டுல கேட்டிருக்கேன்" என்றார்.

அவன் அம்மா. சட்டத்தைக் கழற்றப் போனார். எழுந்துவிட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உட்காருங்க. பாதியில எழுந்தா அளவு தப்பாயிடும்" என்றேன். அவர் உட்கார்ந்தார். அடுத்த வில்லையை மாட்டினேன்.

எதற்குக் கண்ணாடி என்று கேட்டேன். அது எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். படிக்கவா, தைக்கவா என்று தெரிந்தால்தான் தூரம் கணக்குப் போட முடியும். "மாத்திரை அட்டையில போட்டிருக்கறது தெரியலைம்மா. அவனே படிச்சுச் சொல்றான். ஆனா அவன் சொல்றதை மட்டும் நம்பக் கூடாது, நீங்களே பார்க்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க" என்றார்.

இதைக் கேட்ட பிறகும் கையில் வில்லையை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு எண் கூட்டி எழுதினால் போதும். கலங்கலாகத் தெரியும், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். ஒருவரும் கேட்கப்போவதில்லை. மாத்திரை மாறிப்போகும். அவன் திரும்ப உள்ளே போவான். இதெல்லாம் எனக்கு எவ்வளவு வேகமாகத் தோன்றியது என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. நான் ஊசி போட்டுக்கொள்கிறவள் இல்லை. எனக்குக் குரல் எதுவும் கேட்கவில்லை. தெரிந்துதான் நின்றேன்.

சரியான அளவைத்தான் எழுதினேன். எதனால் என்று கேட்காதே. நல்ல மனசு என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த அம்மா போன பிறகு பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

நீ எழுதியதை நான் ஒத்துக்கொண்டேன் என்று நினைக்காதே. உன் டாக்டர் சொன்னது சரியாகவே இருக்கட்டும். அத்தான் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. அது சரியில்லை. அதற்கு உன் படிப்பு இரண்டிலும் ஒரு வார்த்தையும் கிடையாது.

கண்ணாடி சனிக்கிழமை தயாராகிவிடும். இங்கிருந்து அவர் வீட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். போகும்போது கதவுப் பக்கம் நின்று, தனியாக வரச் சரியாகக் கண் தெரியவில்லை, அன்றைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று என்னிடம் கேட்டார். கடைத் தெரு அவன் வரக் கூடாத தெரு இல்லை. சட்டப்படி அவர் என்னைக் கேட்டிருக்கவே வேண்டாம். கேட்டார்.

உள்ளே வேண்டாம், எதிர்ப் பக்கம் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ரயிலுக்கு வா. எனக்கு எதையும் விளக்காதே, ஆறுதலும் சொல்லாதே. கல்லாவுக்கு இந்தப் பக்கம் என்னோடு நில்.

அக்கா